டிரையல்ஸ் சைக்கிள்: பிரேக் வழுக்கினால், செயின் நழுவினால் எங்கே தேடுவது

சாதாரண சைக்கிளில் பிரேக்கின் வேலை வேகத்தைக் குறைப்பது. காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, திட்டுகளின்மேல் தாவி ஏறும் விளையாட்டுக்கான டிரையல்ஸ் சைக்கிளில் அது சக்கரத்தை ஆணி அடித்தாற்போல் நிறுத்தி வைக்க வேண்டும். பின்சக்கரத்தின்மேல் மட்டும் நின்றுகொண்டு, இடுப்பளவுப் பாறையின் விளிம்பில் அடுத்த தாவலுக்குக் கணக்குப் போடும்போது சக்கரம் அரை அங்குலம் உருண்டாலும் ஆள் கீழே கிடப்பார். செயினுக்கும் அதே கெடுபிடிதான். கால் சுற்று மிதியில் உடல் எடை முழுவதையும் வாங்கிக்கொண்டு வண்டியை மேலே ஏற்ற வேண்டும். அந்த நொடியில் அது நழுவினால் முழங்கால் நேராக ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மில் போய் இடிக்கும். எனக்கு இரண்டு முறை இடித்திருக்கிறது.

என் வண்டியும், ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓட்டும் நான்கைந்து பேருடைய வண்டிகளும் மாறி மாறி என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான். கோளாறு தெரிகிற இடமும் அது இருக்கிற இடமும் வேறு வேறாக இருப்பதுதான் தலைவலி. பின்பிரேக் சரியில்லை என்று வந்த வண்டியில் அச்சு நட் தளர்ந்திருக்கும். செயின் தேய்ந்துவிட்டது என்று வந்த வண்டியில் ஃப்ரீவீல் (முன்னே மிதித்தால் பிடித்து, பின்னே சுற்றினால் விட்டுச் சுழலும் பல்சக்கரம்) மசகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பாகத்தின் பெயரில் தொடங்காமல் அறிகுறியில் தொடங்குகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில். இந்த வண்டிகளின் பாகங்கள் பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டியவை. அவசரப்பட்டுத் தவறான பாகத்தை வாங்கினால் பணத்தோடு ஒரு மாதமும் போய்விடும்.

நான் பேசுவது பரவலாக இருக்கும் அமைப்பைப் பற்றி: பின்னால் ரிம்மைப் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக், முன்னால் டிஸ்க், வலது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், ஃப்ரீவீல், பின்சக்கரத்தில் ஒற்றைப் பல்சக்கரம், கியர் கிடையாது. சக்கரம் 20 அங்குலமானாலும் 26 அங்குலமானாலும் தேடும் முறை ஒன்றுதான்.

கை வைக்கும் முன்

ஃப்ரீவீல் முன்னால் இருப்பதால், பெடல் அசையாமல் இருந்தாலும் பின்சக்கரம் சுற்றினால் செயினும் கூடவே ஓடும். சாதாரண சைக்கிளில் பழகிய கை இதை மறந்துவிடும். சக்கரத்தைச் சுழலவிட்டபடியே துணியால் செயினைத் துடைக்கப் போன நண்பர் ஒருவர் ஆள்காட்டி விரல் நகத்தைப் பின்பல்சக்கரத்துக்குக் கொடுத்தார். சக்கரம் நின்ற பிறகுதான் செயினைத் தொட வேண்டும்.

பிறகு தரைச் சோதனை. இரண்டு நிமிடம் போதும். பின்பிரேக்கை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளுங்கள். டயர் தரையில் இழுபட வேண்டும். ரிம், அதைப் பிடிக்கும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே நகரக் கூடாது. அதே பிடியில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, 'டக்' என்ற ஒலி வருகிறதா என்று கேளுங்கள். அடுத்து, சக்கரம் பூட்டியிருக்க, கிராங்கைக் கிடைமட்டமாக வைத்து முன்பெடலில் மெல்ல மெல்ல எடையை ஏற்றுங்கள். பெடல் கல்லாக நிற்க வேண்டும். கிராங்கை அரைச் சுற்று மாற்றி மறு காலாலும் ஒருமுறை. எது தவறினாலும் அன்று பாறைப் பக்கம் போகாமல், கீழே பொருத்தமான அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: பின்பிரேக் லீவர் கெட்டியாக இருக்கிறது, ஆனால் சக்கரம் வழுக்குகிறது

முதலில் காதைக் கேளுங்கள். பிடிப்புக்காகப் பக்கவாட்டில் மெல்லிய கீறல்கள் போட்டு நன்றாகச் செதுக்கிய ரிம்மில் கட்டை பிடித்தால் யானைக் குட்டி பிளிறுவதுபோல் ஒரு சத்தம் வரும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வரட்டும், அந்தச் சத்தம்தான் ஆரோக்கியம்.

சத்தமே இல்லாமல் வழுக்கினால்

எண்ணெய்தான், வேறொன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். செயினுக்கு அடித்த ஸ்பிரே ரிம்மில் பட்டிருக்கும். அல்லது கை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாலையில் டயருக்குக் காற்றடித்த ஒருவர், மறுநாள் காலை முழுவதும் பிரேக்கைத் திட்டிக்கொண்டிருந்தார். நல்லெண்ணெய் மணம் ரிம்மிலேயே இருந்தது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ரிம்மின் இரு பக்கத்தையும் துடையுங்கள். துணி கறுப்பில்லாமல் வரும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். மண்ணெண்ணெய் கூடாது, அது தன் பங்குக்கு ஒரு படலத்தை விட்டுப் போகும். கட்டைகளைக் கழற்றி, சமமான தரையில் விரித்த உப்புத்தாளில் முகம் பளபளப்பை இழக்கும்வரை தேயுங்கள். எண்ணெய் ஆழமாக ஊறிய கட்டை இரண்டு நாளில் மறுபடி வழுக்கும். அப்போது கட்டையை மாற்றுவதுதான் வழி.

சத்தம் வந்தும் வழுக்கினால், அல்லது ஈரத்தில் மட்டும் வழுக்கினால்

ரிம்மின் செதுக்கல் தேய்ந்துவிட்டது. நகத்தால் ரிம்மின் பக்கவாட்டில் மெல்லக் கீறிப் பாருங்கள். அரம்போல் நகத்தைப் பிடித்தால் செதுக்கல் உயிரோடு இருக்கிறது. எவர்சில்வர் தட்டுபோல் வழுக்கிக்கொண்டு போனால் மறுபடி செதுக்க வேண்டும். வாராவாரம் ஓட்டுகிறவருக்கு இது சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் வேலை.

ரிம்மை ஆங்கிள் கிரைண்டரால் வேண்டுமென்றே கீறுவதைப் பார்த்தால் சாதாரண சைக்கிள்காரர் பதறிப்போவார். செய்முறை இதுதான். கட்டைகளைக் கழற்றுங்கள். செயின், ஹப், டிஸ்க் இருந்தால் அது, எல்லாவற்றையும் துணி போட்டு மூடுங்கள். அலுமினியத் தூள் பேரிங்கில் புகுந்தால் வேறொரு செலவு. கிரைண்டரில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் சக்கரத்தையே மாட்டுங்கள். இரும்புக்கானது அலுமினியத்தை வாரி அப்பிக்கொண்டு சூடேறும், உடைந்தும் தெறிக்கலாம். கண்ணாடி, முகமூடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். ஒருவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற, மற்றவர் கிரைண்டரைச் சாய்த்து, தன் எடையால்கூட அழுந்தாதபடி தொட்டும் தொடாமலும் ரிம்மில் ஓட்ட வேண்டும். குறுக்குவாட்டில் நெருக்கமான மெல்லிய கீறல்கள் விழ வேண்டும். பள்ளம் விழக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு விநாடி நின்றால் அங்கே குழி விழும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் அந்த இடத்தில் உதறும்.

செதுக்கி முடித்ததும் பழைய கட்டையை மாட்டிப் பத்து நிமிடம் பிடித்துப் பிடித்து ஓட்டுங்கள். பிசிறுகளை அது தின்றுவிடும். பிறகு நல்ல கட்டையை மாட்டலாம். சாலை சைக்கிளுக்கான மென்மையான ரப்பர் கட்டையைச் செதுக்கிய ரிம்மில் போட்டால் ஒரே நாளில் மாவாகிவிடும். செதுக்கிய ரிம்முக்கென்று விற்கும் கடினமான கட்டைதான் வேண்டும்.

செதுக்காமல், வழுவழுப்பான ரிம்மில் தாரைத் தேய்த்து ஓட்டுவது பழைய வழக்கம். காய்ந்த நாளில் பிடிக்கும்; மழையில் நம்ப முடியாது; நம்மூர் மே மாத வெயிலில் இளகி எல்லா இடத்திலும் ஒட்டும். எனக்குப் பிடித்தமில்லை.

ஒவ்வொரு செதுக்கலும் ரிம்மின் சுவரை மெலிதாக்குகிறது. நேர்விளிம்புள்ள எஃகு அளவுகோலை ரிம்மின் பக்கத்தில் செங்குத்தாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தாலோ, டயருக்குக் காற்றடித்ததும் ரிம்மின் விளிம்பு எங்காவது வெளியே பிதுங்கினாலோ அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. புது ரிம் கோத்து, ஸ்போக்ஸ் கம்பி இறுக்கிக் கோட்டம் எடுப்பது கைதேர்ந்தவர் வேலை. இந்த வண்டியின் சக்கரம் பக்கவாட்டில் வாங்கும் அடி சாலை வண்டி வாங்குவதல்ல. அனுபவமுள்ள கடையில் கொடுங்கள்.

கட்டை ரிம்மில் முழுதாக உட்காரவில்லை என்றால்

பிரேக்கை மெல்லப் பிடித்து, மேலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். கட்டையின் முகம் முழுவதும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொட வேண்டும். மேலே ஏறியிருந்தால் டயரை அறுக்கும்; கீழே இறங்கியிருந்தால் ரிம்முக்கு அடியில் புகுந்துவிடும். பிரேக்கை ஃபிரேமில் பிடித்துவைக்கும் கவ்வியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்த நிலையில் கோணத்தைச் சரிசெய்து, கவ்வியிலேயே அச்சிட்டிருக்கும் முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் பக்கத்துக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் போதும்.

அறிகுறி: லீவர் பஞ்சுபோல் அமுங்குகிறது, அல்லது கைப்பிடிவரை வந்துவிடுகிறது

லீவரை வேகமாக நான்கைந்து முறை அடித்துப் பாருங்கள். பிடி இடம் அப்படியே இருந்தால் ஒரு வழி, அடிக்க அடிக்க லீவர் கெட்டியாகி மேலே வந்தால் இன்னொரு வழி.

இடம் மாறவில்லை, ஆனால் தூரம் அதிகம்

கட்டை தேய்ந்திருக்கிறது. மகுரா எச்எஸ் 33 போன்ற ரிம் பிரேக்குகள் டிஸ்க் பிரேக்கைப்போல் தேய்மானத்தைத் தாமே ஈடுசெய்துகொள்வதில்லை. லீவரில் இருக்கும் சிறு திருகு சக்கரத்தை உள்ளே திருக வேண்டும். அது முழுவதும் திருகி முடிந்திருந்தால் புதுக் கட்டை மாட்டி, திருகை முழுதாக வெளியே கொண்டுவந்து புதிதாகத் தொடங்குங்கள். புதுக் கட்டை மாட்டும்போது திருகைத் திரும்ப வெளியே எடுக்க மறப்பவர்கள், கட்டை ரிம்மில் இடிக்கிறது என்று கவ்வியைக் கலைத்துவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன்.

கட்டை புதிது, இருந்தும் அமுங்குகிறது

நண்பர் ஒருவரைப் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஃபிரேமின் இரு பின்குழாய்களைப் பாருங்கள். அவை வெளிப்பக்கம் விரிந்தால் விரல் கொடுக்கும் விசை ரிம்முக்குப் போகாமல் ஃபிரேமை வளைக்கப் போகிறது. கவ்விகளை இணைக்கும் வளையத் தகடு இருந்தால் அதன் போல்ட்டுகளை இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். பெரிய செலவில்லை, மாற்றம் உடனே விரலில் தெரியும்.

அடிக்க அடிக்கக் கெட்டியாகிறது

உள்ளே காற்று. முதலில் கசிவைத் தேடுங்கள்: லீவர் இணைப்பு, கட்டைகளைத் தள்ளும் இரு பிஸ்டன்கள், அவற்றை இணைக்கும் குழாய், எல்லாவற்றையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றுங்கள். காகிதத்தில் எண்ணெய்க் கறை விழுந்தால் அந்த இணைப்பைச் சரிசெய்யாமல் காற்றை எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

கசிவில்லை என்றால் காற்றை எடுக்கலாம். லீவரின் திருகு சக்கரத்தை முழுவதும் வெளியே கொண்டுவாருங்கள். வண்டியைச் சாய்த்தோ லீவரைத் திருப்பியோ, லீவரின் நிரப்புத் துளை எல்லாவற்றுக்கும் மேலே வரும்படி நிறுத்துங்கள். கீழே பிஸ்டன் பக்கத் துளையில் எண்ணெய் நிறைந்த சிரிஞ்ச், மேலே லீவர் துளையில் காலி சிரிஞ்ச். கீழிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். காற்று மேலே போகத்தான் விரும்பும், அதற்கு வழிவிட்டால் போதும். தள்ளும்போதே பிஸ்டன் உடலையும் குழாயையும் ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். வளைவுகளில் ஒளிந்திருக்கும் குமிழிகள் அப்போதுதான் கிளம்பும். மேல் சிரிஞ்சில் குமிழி வருவது நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். மேலே முதலில் மூடி, பிறகு கீழே மூடுங்கள்.

எந்த எண்ணெய் என்பதில் விளையாட்டே வேண்டாம். மகுராவுக்கும் ஷிமானோவுக்கும் தாது எண்ணெய். ஹோப் பிரேக்குகளுக்கு டாட் 5.1 என்ற பிரேக் திரவம். ஒன்றின் இடத்தில் மற்றது போனால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும். பல வருடங்களுக்கு முன் நேரமில்லாமல் என் வண்டியை மோட்டார்சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். அவர் நல்லெண்ணத்தோடு தன்னிடம் இருந்த டாட் திரவத்தை ஊற்றி, பளிச்சென்று துடைத்தும் கொடுத்தார். முதல் வாரம் பிரேக் அற்புதம். இரண்டாம் வாரம் லீவர் திரும்பி வர யோசித்தது. அதற்கடுத்து திரும்பவே இல்லை. ரப்பர் வளையங்கள் ஊதி பிஸ்டன் அப்படியே சிக்கிக்கொண்டது. அந்த பிரேக்கை முழுதாகத் தூக்கிப் போட்டேன்.

இரண்டு முறை காற்றை எடுத்தும் மறுநாள் லீவர் மறுபடி பஞ்சானால் லீவருக்குள் இருக்கும் பிஸ்டன் வளையம் போயிருக்கிறது. ஹைட்ராலிக் சைக்கிள் பிரேக் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எண்ணெயின் வகையை ஒரு காகிதத்தில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிவிடுங்கள்.

அறிகுறி: பிரேக் பிடித்தபடி ஆட்டினால் 'டக் டக்'

இந்த ஒலியைச் செவியால் தேடினால் ஏமாறுவீர்கள். ஃபிரேம் முழுவதும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். விரலால் தேடுங்கள். பிரேக்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டே மறு கையின் விரலை இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில், பாதி இதிலும் பாதி அதிலுமாக வையுங்கள். ஆட்டம் அங்கே இருந்தால் விரலில் துடிப்பாகத் தெரியும்.

பின்னால் என்றால் வரிசை: கட்டைக்கும் அதன் இருக்கைக்கும் இடையில், கவ்விக்கும் ஃபிரேமுக்கும் இடையில், அச்சு நட்டில், ஹப் பேரிங்கில். கட்டை இருக்கையில் ஆடினால் மாற்றுங்கள், காகிதம் செருகுவது போன்ற வைத்தியம் ஒரு மணி நேரம் தாங்கும். முன்னால் என்றால்: டிஸ்க்கை ஹப்போடு பிணைக்கும் ஆறு போல்ட்டுகள், டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் போல்ட்டுகள், அச்சு, கடைசியாக ஹேண்டில் சுழலும் கழுத்துப் பேரிங். டிஸ்க் பேட்கள் கேலிப்பருக்குள் மயிரிழை ஆடுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டிஸ்க் போல்ட்டுகளை வட்டமாக வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஒலி நிற்கவில்லை என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: ஒரு பக்கக் கட்டை மட்டும் ரிம்மில் உரசுகிறது

இதில்தான் எல்லோரும் பிரேக்கைக் கலைப்பார்கள். கலைக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றுங்கள். உரசல் வந்து வந்து போனால் ரிம்மில் கோட்டம். சுற்று முழுவதும் ஒரே மாதிரி உரசினால் சக்கரமே சாய்ந்திருக்கிறது, குற்றவாளி செயின். பலமான ஒவ்வொரு மிதியும் அச்சின் வலது முனையை முன்னால் இழுக்கும். நட் சற்றே தளர்வாக இருந்தால் அச்சு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகரும், ரிம் இடப் பக்கம் சாயும், இடது கட்டை உரசும்.

அச்சைத் தளர்த்தி, சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, செயினை இறுக்கிவைக்க இருபுறமும் உள்ள நத்தை வடிவ இழுவைத் தகடுகள் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்த்து இறுக்குங்கள். ஃபிரேமில் அச்சு உட்காரும் இடத்தில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள், அங்கே வழுக்கல் வேண்டாம். ஒரே மாதத்தில் மறுபடி நகர்ந்தால் நட்டின் பல் முகமோ ஃபிரேமின் அந்த இடமோ வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். நட் மலிவு, முதலில் அதை மாற்றுங்கள்.

அறிகுறி: முன் டிஸ்க் பிடிக்கவில்லை, கீச்சிடுகிறது

ரிம்முக்கு நேர்மாறு இது. டிஸ்க் கீச்சிட்டால் எண்ணெய் பட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். டிஸ்க்கை ஆல்கஹாலால் துடையுங்கள், பேட்களை உப்புத்தாளில் தேயுங்கள், பிறகு சரிவான தெருவில் இருபது முப்பது முறை, சக்கரத்தைப் பூட்டாமல், வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டுங்கள். டிரையல்ஸ் ஓட்டுபவர்கள் இந்தப் பழக்குதலைத்தான் தவிர்க்கிறார்கள். புதுப் பேட் மாட்டிய அன்றே முன்சக்கரத்தில் எம்பி நின்றுவிட்டு, பிடிக்கவில்லை என்பார்கள். பழக்காத பேட் பிடிக்காது. எண்ணெய் ஊறிய பேட்டை அடுப்பில் காட்டி எரிக்கும் வைத்தியத்தை நானும் செய்து பார்த்தேன். புகை வந்தது, பிடி வரவில்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றுங்கள்.

அறிகுறி: லீவரை விட்டும் பிரேக் விடவில்லை

லீவர் தன் அச்சில் மண் அடைத்துச் சிக்கியிருக்கலாம். தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள். டிஸ்க் என்றால் பேட்களைக் கழற்றி, பிஸ்டன்களின் ஓரத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் சுத்தம் செய்து, பிளாஸ்டிக் டயர் நெம்பியால் உள்ளே தள்ளுங்கள். உலோகத் திருப்புளி வேண்டாம். அப்படியும் திரும்பாவிட்டால் மேலே சொன்ன எண்ணெய்க் கதை உங்கள் வண்டியிலும் நடந்திருக்கலாம். அங்கே நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: மிதித்ததும் 'படக்' என்று நழுவுகிறது

மிக ஆபத்தான அறிகுறி. ஒருமுறை நழுவினாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது என்று வையுங்கள்.

நழுவியது செயினா, ஃப்ரீவீலா என்று முதலில் பிரிக்க வேண்டும். வண்டியின் முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, பின்பிரேக்கைப் பூட்டி, நீங்கள் பெடலில் எடையை ஏற்றுங்கள். நண்பர் செயினை மட்டும் பார்க்கட்டும். செயின் அசையாமலிருக்கக் கிராங்க் மட்டும் இறங்கினால் ஃப்ரீவீல். செயின் பல்லின் மேலேறி அடுத்த பல்லில் விழுந்தால் செயின் அல்லது பல்சக்கரம்.

ஃப்ரீவீல் என்றால்

வண்டியை அமைதியான அறைக்குக் கொண்டுபோய், கிராங்கை மிக மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி எண்ணுங்கள். சுற்றுக்கு 72 இடத்தில் பிடிக்கும் ஃப்ரீவீல் என்றால் கால் சுற்றுக்கு 18 'டிக்' வரவேண்டும். 108 வகை என்றால் 27. உள்ளிருக்கும் பிடிநாக்குகள் இரண்டு குழுவாக மாறி மாறிப் பிடிக்கும் வகையில், 18-க்குப் பதில் 9 மட்டும் கேட்டால் ஒரு குழு தூங்கிக்கொண்டிருக்கிறது. மிச்சமுள்ள குழுவும் ஒருநாள் கைவிடும், அது எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி.

தூங்குவதற்கு எளிய காரணம் மசகு. தேங்காய் எண்ணெயும் கெட்டியான கிரீஸும் உள்ளே புழுதியோடு சேர்ந்து பசையாகி, நாக்குகளை எழவிடாது. வண்டியைப் படுக்கவைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு, பின்னோக்கிச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் வெளியேறும்வரை கழுவுங்கள். ரிம்மைப் பிளாஸ்டிக் உறையால் மூட மறக்காதீர்கள். நன்றாக உலர்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஏழெட்டுச் சொட்டு. மறுபடி எண்ணுங்கள்.

எண்ணிக்கை சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது நாக்கின் முனை மழுங்கியிருக்கிறது. சில ஃப்ரீவீல்களைத் திறந்து பழுதுபார்க்கலாம், மலிவானவற்றை அப்படியே மாற்ற வேண்டியதுதான். கழற்றும் வேலையைக் கடைக்கு விடுங்கள். ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கியிருப்பதால், சரியான கழற்றியும் பெரிய பட்டறை இடுக்கியும் இல்லாமல் அது அசையாது. ஒருவர் உளியும் சுத்தியலும் கொண்டு முயன்றார்; ஃப்ரீவீலோடு கிராங்கும் போனது.

செயின் என்றால்

தளர்வைப் பாருங்கள். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாகச் சேர்த்து சுமார் 1 சென்டிமீட்டர் அசையலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மிக இறுக்கமாகும் இடத்தில் இதைப் பாருங்கள். பல்சக்கரம் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை. தளர்வான இடத்தில் அளவெடுத்து இறுக்கினால் இறுக்கமான இடத்தில் பேரிங்கை நெரிக்கும்.

அடுத்து நீளம். எஃகு அளவுகோலில் 24 இணைப்புகளை, ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை அளங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு (சுமார் 1.6 மில்லிமீட்டர்) கூடியிருந்தால் எந்த சைக்கிளிலும் செயினை மாற்ற வேண்டும். நான் இந்த வண்டியில் 1 மில்லிமீட்டர் கூடினாலே மாற்றிவிடுகிறேன்.

அளவெடுத்த கையோடு ஒவ்வொரு இணைப்பாக, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெளித்தகட்டில் ஊசித் துளையிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசலைத் தேடுகிறீர்கள். எத்தனை நாள் புதிதானாலும் விரிசலுள்ள செயின் குப்பைக்குத்தான். வளைய மறுக்கும் இணைப்பு இருந்தால் பக்கவாட்டில் மெல்ல வளைத்து இளக்குங்கள். கிளிப் போட்டு மாட்டும் இணைப்பை நான் தவிர்க்கிறேன். பாறையில் உரசினால் கிளிப் பறக்கும். வேறு வழியில்லாமல் மாட்டினால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கட்டும்.

கடைசியாகப் பல்சக்கரம். பின்னால் 12 பல் மட்டுமே உள்ள வண்டியில் அந்தப் பன்னிரண்டும் மொத்த வேலையையும் சுமக்கின்றன. பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து சுறாவின் முதுகுத் துடுப்புபோல் கூராகியிருந்தால் செயினையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்னும்.

நீளம் சரி, பல் சரி, இருந்தும் ஏறுகிறதா? பின்னால் குனிந்து செயின் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். முன்பின் பல்சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் மெல்லிய வாஷர் ஒன்று சரிசெய்துவிடும். பாறையில் அடிவாங்கும் முன்காப்பு வளையம் வளைந்து செயினை உதைக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அறிகுறி: ஒவ்வொரு மிதிக்கும் 'கிறுக்'

பெடலைக் கழற்றி, மரைக்குக் கிரீஸ் போட்டு மாட்டுங்கள். இடது பெடலுக்கு எதிர்மரை. ஒலி போகவில்லை என்றால் கிராங்க் போல்ட். தளர்ந்த கிராங்கோடு ஒரு நாள் ஓட்டினாலே அதன் உள்பற்கள் சிதைந்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. லேத் பட்டறையில் தகடு வைத்துத் தரச் சொல்லிப் பார்க்காதீர்கள், புதுக் கிராங்கே வாங்குங்கள். கிராங்க் இறுக்கமாக இருந்தும் பக்கவாட்டில் ஆடினால் கிராங்க் அச்சின் உள்பேரிங். அதற்கேற்ற கழற்றி வைத்திருக்கும் கடைக்காரரின் வேலை அது.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் ஏதோ ஆடுகிறது

ஃபிரேமைக் கழுவித் துடைத்து, பின்பிரேக் கவ்வி பொருந்தும் இடம், பின்அச்சு உட்காரும் தகடு, பெடல் பேரிங் கூட்டைச் சுற்றிய வெல்டிங், ஹேண்டில் கழுத்து ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டாமல் போனால் சாயத்தில் விழுந்த கீறலாக இருக்கலாம். அந்த இடத்தில் மட்டும் சாயத்தைச் சுரண்டி உலோகத்தைப் பாருங்கள். நகம் தட்டி, கோடு உலோகத்திலும் தொடர்ந்தால் அன்றோடு அந்த ஃபிரேமில் ஏறக் கூடாது. அலுமினிய ஃபிரேமை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் தைரியம் சொல்வார். வெல்டிங்கின் சூடு சுற்றியுள்ள குழாயின் பலத்தைக் குறைத்துவிடும், பூசிய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி விடும். என் பழைய ஃபிரேம் அப்படித்தான் இரண்டாம் முறை, முதல் விரிசலிலிருந்து ஒரு விரல் தள்ளி விட்டது. பிரேக், செயின், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிப் புது ஃபிரேமில் மாட்டிவிட்டேன். பழையது மாடிப்படிக்கு அடியில் ஆணியில் தொங்குகிறது. அதன் பின்குழாயில் டார்ச்சை மாட்டிக்கொண்டுதான் மற்ற வண்டிகளைப் பார்க்கிறேன்.